கேள்வி ஞானம்

உரைநடைப் பாடம்

நுழையுமுன்

ஆசிரியரிடம் முறையாகப் பயிலாமல், பிறர் பாடுவதையும் வாசிப்பதையும் கேட்டுக் கேட்டே இசையைக் கைவரப் பெறுவதைக் கேள்வி ஞானம் என்பர். மேரி லூ வில்லியம்ஸ் (1910–1981) அவ்வாறு தொடங்கியவர். அமெரிக்க நாட்டின் ஜாஸ் இசையில் பியானோ கலைஞராகவும் இசையமைப்பாளராகவும் ஆசிரியராகவும் அரை நூற்றாண்டுக்கு மேல் விளங்கியவர். காதால் கேட்டதைத் தாளில் எழுதக் கற்க அவர் பட்ட பாட்டையும், கற்றதைப் பிறருக்கு அளித்த வகையையும் இப்பாடம் கூறுகிறது.

அன்னையின் மடியில்

அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகர் அட்லாண்டா. அங்கே 1910ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள் ஓர் ஏழைக் குடும்பத்தில் மேரி பிறந்தாள். அவளுடைய அன்னை வர்ஜீனியா பகலெல்லாம் உழைத்துப் பிழைத்தவர். ஓய்வு கிடைக்கும்போது காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தின் முன் அமர்வார்; குழந்தை வேறெங்கும் சென்றுவிடாதபடி அவளைத் தம் மடியில் இருத்திக்கொள்வார்.

ஒருநாள் அன்னை வாசித்து முடித்ததும், மடியிலிருந்த குழந்தையின் பிஞ்சுக் கைகள் கட்டைகளின்மேல் நகர்ந்தன. அன்னை சற்றுமுன் வாசித்த மெட்டு மீண்டும் ஒலித்தது. அப்போது குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வயது. திகைத்துப்போன வர்ஜீனியா, மடியிலிருந்த குழந்தையைக் கீழே தவற விட்டுவிட்டு, அண்டை வீட்டாரை அழைத்துவர ஓடினாராம். இதனைப் பிற்காலத்தில் மேரி லூவே நகைப்புடன் கூறியிருக்கிறார்.

இத்தகைய குழந்தைக்கு உடனே ஓர் இசையாசிரியரை அமர்த்துவதே பெற்றோர் இயல்பு. வர்ஜீனியா அதற்கு உடன்படவில்லை. அவரும் இளமையில் தம் மனம்போல வாசித்தவர்தாம். பின்னர் ஆசிரியரிடம் பயின்று, தாளில் எழுதியதைப் பார்த்து வாசிக்கப் பழகினார். அதன்பின் தாளின்றி ஒரு மெட்டைக்கூட வாசிக்க அவரால் இயலாமற் போயிற்று. தமக்கு நேர்ந்தது மகளுக்கும் நேரக்கூடாது என்று அவர் அஞ்சினார். ஆகவே ஆசிரியருக்கு மாறாக, ஊரில் நன்கு வாசிக்கும் கலைஞர்களை வீட்டிற்கு அழைத்தார். அவர்கள் வாசித்தனர், சிறுமி கேட்டாள்.

இவ்விடத்தில் அந்த அன்னையைக் குறை கூறுவது எளிது. ஆயினும் ஜாஸ் இசையின் இயல்பை அறிந்தோர் அவ்வளவு விரைவில் குறை கூறமாட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள், வயல்வெளிப் பாடல்களையும் வழிபாட்டுப் பாடல்களையும் ஐரோப்பியரின் இசைக்கருவிகளோடு இணைத்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இசை ஜாஸ். நம் கருநாடக இசையில் மனோதர்மம் என்று ஒன்று உண்டு. எழுதிவைத்ததை அப்படியே ஒப்பிக்காமல், மேடையிலேயே கற்பனையால் இசையை வளர்த்துச் செல்வது அது. ஜாஸ் இசைக்கும் அதுவே உயிர். அவ்வுயிர் போய்விடுமோ என்றே வர்ஜீனியா அஞ்சினார்.

புதிய ஊர்

மேரிக்கு ஏறத்தாழ ஐந்து வயதானபோது அக்குடும்பம் வடக்கே உள்ள பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அவர்கள் மட்டும் பெயரவில்லை. தென்மாநிலங்களின் நிறவேற்றுமைக் கொடுமைகளுக்கும் வறுமைக்கும் தப்பி, ஆலைகள் நிறைந்த வடபுல நகரங்களை நோக்கி, 1910க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் இடம்பெயர்ந்தனர். பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளின் நகரம். வேலை இருந்தது, வரவேற்பு இல்லை. ஈஸ்ட் லிபர்ட்டி என்னும் பகுதியில் குடியேறிய அவர்களது வீட்டுச் சன்னல்கள் வழியே அயலார் செங்கல் எறிந்தனர்.

அந்த அயலார் மெல்ல மெல்லச் சிறுமியின் வாசிப்பைக் கேட்டனர். பின்னர்த் தம் வீட்டுக் கூடங்களுக்கு வந்து வாசிக்குமாறு அவளை அழைத்தனர். செங்கல் வீச்சும் நின்றது. 'ஈஸ்ட் லிபர்ட்டியின் பியானோச் சிறுமி' என்று ஊரார் அவளைச் சுட்டத் தொடங்கினர். ஆறேழு வயதிலேயே விருந்துகளில் வாசித்துக் குடும்பச் செலவுக்குப் பொருளீட்டினாள். பெருஞ்செல்வரான மெலன் குடும்பத்தாரின் மாளிகையிலும் அவள் வாசித்ததுண்டு.

மாற்றாந்தந்தை பிளெட்சர் பர்லி அவளிடம் அளவிறந்த அன்பு பூண்டவர். அவர் தானியங்கிப் பியானோ ஒன்றை வாங்கி வந்தார். துளையிட்ட காகிதச் சுருளைப் பொருத்தி இயக்கினால் அது தானே இசைக்கும். ஜேம்ஸ் பி. ஜான்சன், ஜெல்லி ரோல் மார்ட்டன் முதலிய பெரும் கலைஞர்களின் வாசிப்பு அச்சுருள்களில் பதிந்திருந்தது. இடக்கை அடிச்சுரத்துக்கும் நடுச்சுரக் கொத்துக்கும் மாறிமாறித் தாவித் தாளத்தை நிறுத்த, வலக்கை தன்விருப்பமாய் மெட்டில் விளையாடும் பாணியை அவள் அவ்வாறே கேட்டுப் பழகினாள். மாற்றாந்தந்தை அவளைப் பெரியவர்கள் கூடும் இடங்களுக்கு அழைத்துச் சென்று வாசிக்கச் செய்வார். வாசிப்பு முடிந்ததும் தம் தொப்பியைக் கழற்றி, முதற்காசைத் தாமே இட்டு, அவையோரிடம் நீட்டுவார். தொப்பி நிறைந்தபின் தாம் இட்ட காசை மறவாமல் திரும்ப எடுத்துக்கொள்வார்!

இக்காலத்தில் அவள் கண்ட ஒரு காட்சி அவள் நெஞ்சில் ஆழப் பதிந்தது. ஒருநாள் அவளை ஒரு நாடக அரங்கிற்கு அழைத்துச் சென்றிருந்தனர். அங்கே ஆடவர் நிறைந்த இசைக்குழுவின் நடுவில் லவ்வி ஆஸ்டின் என்னும் பெண்மணி பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். மேடையில் நிகழ்ந்துகொண்டிருந்த ஆட்டத்துக்கு அவருடைய இடக்கை வாசித்தது. அதே வேளையில், அடுத்த நிகழ்ச்சிக்கு வேண்டிய இசையை அவருடைய வலக்கை தாளில் எழுதிக்கொண்டிருந்தது. தானும் ஒருநாள் அவ்வாறு செய்வேன் என்று சிறுமி உறுதி பூண்டாள். எழுதத் தெரியாத கைகள் அவளுடையவை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

எழுதா இசை

பதின்ம வயதிலேயே மேரி ஊர் ஊராகச் செல்லும் ஆடல்பாடல் குழுக்களில் சேர்ந்தார். சாக்ஸபோன் கலைஞர் ஜான் வில்லியம்ஸை மணந்தார். கணவர் வேறொரு குழுவில் சேர ஒக்லஹோமாவுக்குச் சென்றபோது, மெம்பிஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற குழுவை மேரி தலைமை தாங்கி நடத்தினார். பின்னர்த் தாமும் கணவரைத் தொடர்ந்தார்.

கணவர் சேர்ந்த குழு 1929இல் ஆன்டி கர்க் என்பாரின் தலைமையில் 'டுவெல்வ் கிளௌட்ஸ் ஆஃப் ஜாய்' என்னும் பெயருடன் கான்சாஸ் சிட்டியில் புகழ்பெறத் தொடங்கியது. அக்குழுவில் ஏற்கெனவே ஒரு பியானோ கலைஞர் இருந்தார். ஆதலின் மேரிக்கு அதில் நிலையான இடமில்லை. அவர் வராத நாள்களில் மட்டுமே மேரி வாசித்தார். ஆயினும் அவர் மனத்தில் புதிய புதிய இசைக் கருத்துகள் ஊறிக்கொண்டே இருந்தன. சாக்ஸபோன்கள் இப்படி ஒலித்தால், டிரம்பெட்டுகள் இப்படி விடையளித்தால், டிராம்போன் இவ்விடத்தில் புகுந்தால் என்று அவருக்குக் கேட்டது. கேட்டதைத் தாளில் எழுத அவருக்குத் தெரியாது.

ஐந்து பேர் கொண்ட சிறு குழுவுக்குத் தாள் தேவையில்லை. ஒருவர் வாசித்துக் காட்ட மற்றவர் பிடித்துக்கொள்வர். பன்னிரண்டு பேர் சேர்ந்து வாசிக்கும்போது அது கூடாது. ஒவ்வொருவரும் எந்தக் கணத்தில் எந்தச் சுரத்தை வாசிக்க வேண்டும் என்பது தனித்தனித் தாளில் எழுதப்பட வேண்டும். ஒரு மெட்டை இவ்வாறு பல கருவிகளுக்குப் பகிர்ந்தமைக்கும் கலையை இசைக்கோப்பு எனலாம். அதில் மற்றொரு சிக்கலும் உண்டு. பியானோவுக்கு ஒருவாறு எழுதப்படும் சுரத்தை டிரம்பெட்டுக்கு வேறு இடத்திலும் ஆல்டோ சாக்ஸபோனுக்கு இன்னோர் இடத்திலும் மாற்றி எழுத வேண்டும். அக்கருவிகள் அவ்வாறு அமைந்தவை. காது எவ்வளவு கூர்மையாயினும் இதனைக் கல்லாமல் அறிய வழியில்லை.

ஆன்டி கர்க் பொறுமைசாலி. மேரி பியானோவில் வாசித்துக் காட்ட, அவர் அருகில் அமர்ந்து தாளில் எழுதிக்கொண்டார். சில நாள்களில் அப்பணி நெடுநேரம் நீண்டது. ஆனால் மனத்தில் தோன்றும் வேகத்துக்குப் பிறர் கை ஈடுகொடுக்குமா? மேரி தாமே எழுதத் துணிந்தார். அவருடைய முதல் முயற்சிகள் குழுவில் பாதிக் கருவிகளால் எட்ட முடியாத சுரங்களில் அமைந்துவிட்டன. குழுவினர் அவரைப் புறந்தள்ளாமல் மீண்டும் எழுத இடமளித்தனர். ஒவ்வொரு முறையும் பிழை குறைந்தது. அன்னை அஞ்சியது நிகழவில்லை. எழுதக் கற்ற பின்னும் மேரியின் மனோதர்மம் வற்றவில்லை. காது முதலில் வளர்ந்து, எழுத்து பின்னர் வந்தமையே இதற்குக் காரணம் எனக் கருத இடமுண்டு.

1930இல் சிகாகோ நகரில் அவர் தனியே வாசித்த 'நைட் லைஃப்', 'டிராக் எம்' என்னும் இரண்டும் இசைத்தட்டில் பதிவாயின. மேரி என்னும் பெயர் மேரி லூ ஆனதும் அப்போதுதான். பதிவு நிறுவனத்தைச் சேர்ந்த ஜாக் காப் அப்பெயரை இட்டார். சில காலத்துக்குள் அவர் குழுவின் நிலையான பியானோ கலைஞராகவும் தலைமை இசைக்கோப்பாளராகவும் உயர்ந்தார்.

கான்சாஸ் சிட்டியின் இரவுகள் ஒரு கல்லூரிக்கு ஒப்பானவை. நிகழ்ச்சிகள் முடிந்தபின் கலைஞர்கள் ஓரிடத்தில் கூடி, ஒருவரையொருவர் விஞ்ச முயன்று விடியும்வரை வாசிப்பர். ஒருநாள் விடியற்காலை நான்கு மணியளவில் மேரி லூவின் சன்னலை யாரோ தட்டினர். வெளியே சாக்ஸபோன் கலைஞர் பென் வெப்ஸ்டர் நின்றார். புகழ்பெற்ற கோல்மன் ஹாக்கின்ஸ் ஊருக்கு வந்திருந்தார். லெஸ்டர் யங், ஹெர்ஷல் எவான்ஸ் முதலிய உள்ளூர்க் கலைஞர்கள் அவருடன் மணிக்கணக்கில் போட்டியிட்டுக்கொண்டிருந்தனர். துணைவாசித்த பியானோ கலைஞர்கள் அனைவரும் களைத்துவிட்டமையால், உறக்கத்திலிருந்த மேரி லூவை எழுப்ப வந்திருந்தார் வெப்ஸ்டர்! மேரி லூ எழுந்து சென்றார். ஆடவரே நிறைந்த அவ்வுலகில் அவரை ஏற்கலாமா என்னும் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

1936இல் பதிவான 'வாக்கின் அண்ட் ஸ்விங்கின்' அவருடைய இசைக்கோப்புத் திறனுக்கு நல்ல சான்று. சாக்ஸபோன் பகுதிக்கு மேலும் ஒரு குரல் வேண்டியிருந்தது. குழுவிலோ அதற்கு ஆள் இல்லை. அவர் ஒரு டிரம்பெட்டை மென்மையாக ஒலிக்கச் செய்து சாக்ஸபோன்களோடு சேர்த்தார். இல்லாத ஒரு சாக்ஸபோன் கேட்பவர் காதில் ஒலித்தது. அப்பாடலில் வரும் ஓர் இசைத்தொடரே, பின்னாளில் தெலோனியஸ் மங்க் இயற்றிய 'ரிதம்-அ-நிங்' என்னும் புகழ்பெற்ற இசையின் வித்தாயிற்று.

புகழ் பரவியது. பென்னி குட்மன், ஏர்ல் ஹைன்ஸ், டாமி டோர்சி ஆகியோரின் குழுக்களும் அவரிடம் இசை எழுதி வாங்கின. 1937இல் குட்மனுக்கு அவர் எழுதிய 'ரோல் எம்' நாடெங்கும் ஒலித்தது. தமக்கு மட்டுமே எழுதவேண்டும் என்னும் குட்மனின் விருப்பத்துக்கு அவர் இணங்கவில்லை. இத்தனை புகழுக்கும் ஏற்ற பொருள் அவர் கைக்கு வந்ததா என்றால், இல்லை. சாலைவழிப் பயணமும் குறைந்த ஊதியமுமாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தபின், 1942இல் கர்க்கின் குழுவைவிட்டு விலகினார்.

திறந்த கதவு

நியூயார்க் நகரில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒன்றாக அமர்ந்து இசை கேட்கத்தக்க 'கஃபே சொசைட்டி' என்னும் அரங்கில் மேரி லூ வாசிக்கலானார். ஹார்லெம் பகுதியில் ஹாமில்டன் டெரஸ் என்னும் தெருவில் அவருடைய வீடு இருந்தது. நள்ளிரவுக்குப்பின் அங்கே இளங்கலைஞர்கள் வந்து கூடினர். தெலோனியஸ் மங்க், பட் பவல், டிஸ்ஸி கில்லெஸ்பி, டாட் டேமரன் முதலியோர் அவர்களுள் சிலர். தாம் புதிதாக இயற்றியவற்றை அவர்கள் வாசித்துக் காட்டுவர். மேரி லூ கேட்பார், திருத்துவார், தாமும் கற்பார்.

அவ்விளைஞர்கள் படைத்த இசை பீபாப் எனப்பட்டது. விரைந்த நடையும் புதிய சுரச்சேர்க்கைகளும் கொண்ட அதனை மூத்த கலைஞர் பலர் எள்ளி நகையாடினர். ஏற்கெனவே பெயர்பெற்ற ஒருவர், தமக்குப்பின் வந்தோரின் புதுமையை இவ்வாறு மனமுவந்து ஏற்பது எக்கலையிலும் அரிது. மேரி லூ ஏற்றதோடு நில்லாமல் அந்நடையில் தாமும் எழுதினார். கில்லெஸ்பியின் குழு 1949இல் பதிவு செய்த 'இன் த லேண்ட் ஆஃப் ஊ-ப்ளா-டீ' அவ்வகையைச் சார்ந்தது.

1945இல் அவர் இயற்றிய 'சோடியாக் சூட்' பன்னிரண்டு இராசிகளின் பெயரால் அமைந்த பன்னிரண்டு இசைப்பகுதிகளின் தொகுப்பு. அதில் சோதிடத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தந்த இராசியில் பிறந்த தம் கலைத்தோழர்களுக்கு அவர் செய்த காணிக்கை அது. தம் வாரந்தோறும் நிகழும் வானொலி நிகழ்ச்சியில் அதன் பகுதிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் நியூயார்க்கின் டவுன் ஹால் அரங்கில், வயலின் முதலிய மேலைச் செவ்வியல் இசைக்கருவிகளையும் சேர்த்து அரங்கேற்றினார். எழுதத் தெரியாதிருந்த பெண், இப்போது ஓர் இசைக்குழு முழுமைக்கும் எழுதியிருந்தார்.

மௌனமும் மீட்சியும்

1952இல் குறுகிய காலப் பயணமாக இங்கிலாந்து சென்ற மேரி லூ, ஐரோப்பாவில் இரண்டாண்டு தங்கினார். உடலும் உள்ளமும் சோர்ந்திருந்த நிலையில், 1954இல் பாரிஸ் நகர மேடையொன்றிலிருந்து எழுந்து சென்றவர் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். நியூயார்க் திரும்பி, வழிபாட்டிலும் நலிந்த கலைஞர்களுக்கு உதவுவதிலும் நாள்களைக் கழித்தார். போதைப் பழக்கத்தால் சீரழிந்த இசைக்கலைஞர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் பேணினார். இதற்கென 'பெல் கான்டோ' என்னும் அறக்கட்டளையை நிறுவினார். பயன்படுத்திய பொருள்களை விற்கும் கடையொன்றை நடத்தி அதற்குப் பொருள் தேடினார். 1957இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். இசையும் ஒரு தொண்டே என்று அருட்தந்தையர் சிலரும் கில்லெஸ்பியும் எடுத்துரைத்தனர். அவ்வாண்டே நியூபோர்ட் இசைவிழாவில், கில்லெஸ்பியின் குழுவோடு அவர் மீண்டும் மேடையேறினார்.

அடுத்த ஆண்டு ஹார்லெமில் 57 ஜாஸ் கலைஞர்கள் ஒரே படத்தில் நின்றனர். இன்றும் உலகெங்கும் அறியப்படும் அப்புகைப்படத்தில் பெண் கலைஞர்கள் மூவரே உள்ளனர். மேரி லூ அம்மூவருள் ஒருவர்.

பின்னர் அவர் வழிபாட்டுக்குரிய இசையில் மனம் செலுத்தினார். 1960களில் பிட்ஸ்பர்க்கில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் கற்பித்தபோது தம் முதல் திருப்பலி இசையை உருவாக்கினார். அவ்வகையில் பிற்பாடு அமைந்த ஒன்றுக்கு ஆல்வின் ஏய்லி 1971இல் நடனம் அமைத்தார். 'மேரி லூஸ் மாஸ்' என்று பெயர்பெற்ற அவ்விசை, 1975இல் நியூயார்க்கின் தூய பேட்ரிக் பேராலயத்தில் ஒலித்தது.

இசை மரம்

1977ஆம் ஆண்டு மேரி லூ வட கரோலினா மாநிலத்தின் டர்ஹம் நகரில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அங்கே ஜாஸ் இசையின் வரலாற்றைக் கற்பித்தார். மாணவர் இசைக்குழுவையும் பயிற்றினார். அவருடன் பணியாற்றிய அருட்தந்தை பீட்டர் ஓ'பிரையன் வரலாற்றை விளக்கிக் கூற, மேரி லூ பியானோவில் அதனை ஒலியாகக் காட்டுவார். வாசிப்பதற்கு அவருக்குத் தாள் வேண்டியிருக்கவில்லை. அவ்வரலாற்றின் பெரும்பகுதியை அவர் வாழ்ந்து கடந்திருந்தார்.

தம் பாடத்தை விளக்க அவர் ஒரு படத்தைக் கையாண்டார். ஓவியர் டேவிட் ஸ்டோன் மார்ட்டின் அவருக்காக வரைந்த மரம் அது. அதன் வேர் துன்பம். அடிமைப்பட்ட மக்களின் துயரிலிருந்தே இவ்விசை முளைத்தது என்பது மேரி லூவின் உறுதியான கருத்து. அடிமரத்தில் வழிபாட்டுப் பாடல், ராக்டைம், கான்சாஸ் சிட்டியின் ஸ்விங், பீபாப் என ஒன்றன்மேல் ஒன்றாக நடைகள் வளர்ந்தன. இவை அனைத்தினூடேயும் சாறுபோல ஓடியது புளூஸ். இலைகளில் கலைஞர்களின் பெயர்கள் இருந்தன. மரத்தின் ஒருபுறம் மட்டும் இலையற்ற வறண்ட கிளைகள். வணிக நோக்கில் பெருகிய ராக் இசை அவற்றுள் ஒன்று; பயிற்சி நூல்கள் மற்றொன்று! பயிற்சி நூலொன்றில் இச்செய்தியைப் படிக்கும் மாணவர் புன்னகைக்கலாம். ஆனால் மேரி லூ எழுத்தைப் பழித்தவர் அல்லர். நூற்றுக்கணக்கான இசைக்கோப்புகளைத் தம் கைப்பட எழுதியவர். கேட்காமலே வாசிக்க முயல்வோரைத்தான் அக்கிளை சுட்டுகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் வர்ஜீனியா மகளுக்குச் சொல்லியதும் ஏறத்தாழ இதுவே.

அவருடைய மரத்தில் எல்லாக் கலைஞர்களும் அமைதியாக அமர்ந்துவிடவில்லை. புதுநெறிப் பியானோ கலைஞர் செசில் டெய்லருடன் இணைந்து 1977 ஏப்ரலில் கார்னகி ஹால் அரங்கில் அவர் வாசித்தார். மேரி லூ வரலாற்றின் வழியே செல்ல முயன்றார். டெய்லரோ தம் வழியே சென்றார். இரு பியானோக்களும் ஒன்றையொன்று செவிமடுத்தன என்று கூறுவது கடினம். ஆயினும் அறுபத்தாறு வயதில் அம்முயற்சியில் இறங்கிய துணிவு குறிப்பிடத்தக்கது.

1978இல் மரியன் மெக்பார்ட்லண்ட் 'பியானோ ஜாஸ்' என்னும் வானொலி நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, முதல் விருந்தினராக மேரி லூவையே அழைத்தார். ஹார்லெம் புகைப்படத்தில் இடம்பெற்ற மூன்று பெண்களுள் மரியனும் ஒருவர்.

மேரி லூ புற்றுநோயால் தளர்ந்தபோதும் கற்பித்தலையும் எழுதுவதையும் கைவிடவில்லை. 1981 மே 28ஆம் நாள் தம் எழுபத்தொன்றாம் வயதில் டர்ஹமில் மறைந்தார். பிட்ஸ்பர்க்கில் அடக்கம் செய்யப்பட்டார். 1983இல் டியூக் பல்கலைக்கழகம் கறுப்பினப் பண்பாட்டு மையம் ஒன்றை அவர் பெயரால் அமைத்தது. அவர் எழுதிய இசைத்தாள்கள் நியூஜெர்சியில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

தெரிந்துகொள்வோம்

திருக்குறளின் 42ஆம் அதிகாரம் 'கேள்வி'. இன்று கேள்வி என்றால் வினா என்றே பெரும்பாலும் பொருள்கொள்கிறோம். கேட்டறிதல் என்பதே அவ்வதிகாரத் தலைப்பின் பொருள். கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து இது வைக்கப்பட்டுள்ளது.

சொற்பொருள்

கேள்வி – கேட்டறிதல்
மனோதர்மம் – மேடையிலேயே கற்பனையால் இசையை விரித்தல்
இசைக்கோப்பு – ஒரு மெட்டைப் பல கருவிகளுக்குப் பகிர்ந்தமைத்தல்
கட்டை – பியானோ, ஆர்மோனியம் ஆகியவற்றில் விரலால் அழுத்தும் பகுதி
அயலார் – அண்டை வீட்டார்
எள்ளி – இகழ்ந்து
வழித்தோன்றல் – மரபில் வந்தவர்

இலக்கணக் குறிப்பு

கேட்டுக் கேட்டு – அடுக்குத்தொடர்
எழுதா இசை – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்

பிரித்து எழுதுக

விடியற்காலை, முதற்காசு, இடக்கை, அவ்விளைஞர்கள்

ஓரிரு தொடர்களில் விடை எழுதுக

1. வர்ஜீனியா தம் மகளுக்கு ஆசிரியரை அமர்த்தாமைக்குக் காரணம் யாது?
2. நாடக அரங்கில் லவ்வி ஆஸ்டின் இரு கைகளாலும் என்ன செய்தார்?
3. மேரி லூவின் முதல் இசைக்கோப்புகளில் நேர்ந்த பிழை யாது?
4. இசை மரத்தின் வேராக எது காட்டப்பட்டது?

விரிவாக விடை எழுதுக

1. பன்னிரண்டு பேர் வாசிக்கும் குழுவுக்கு எழுதிய தாள் ஏன் இன்றியமையாதது? பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
2. 'வர்ஜீனியாவின் அச்சம் சரியே' என்றும், 'சரியன்று' என்றும் இரு அணியாகப் பிரிந்து வகுப்பில் உரையாடுக. உம் அணியின் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.

செயல்பாடு

நம்முள் பலர் தமிழை முதலில் வீட்டில் கேட்டே பழகினோம். எழுதப் பின்னர்க் கற்கிறோம். பாட்டி, தாத்தா அல்லது பெற்றோர் பேசும்போது நீங்கள் பலமுறை கேட்டும் இதுவரை எழுதிப் பாராத சொற்கள் ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். அவர்களை மீண்டும் சொல்லச் செய்து, உற்றுக் கேட்டு, கேட்டவாறே எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள். எந்தச் சொல்லை எழுத மிகவும் இடர்ப்பட்டீர்கள், ஏன் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.